கவர்டு கால் ஸ்கிரீனர்: முதல் வரியை நம்பி இறங்க வேண்டாம்

கையில் உள்ள பங்கின் மேல் கால் ஆப்ஷன் (குறித்த நாளுக்குள் குறித்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை) விற்று மாதாமாதம் பிரீமியம் (அந்த உரிமைக்கான விலை) பார்க்க நினைப்பவர்களுக்காக வந்தவை கவர்டு கால் ஸ்கிரீனர்கள். பங்கு, ஸ்ட்ரைக் (குறித்த விலை), எக்ஸ்பைரி (கெடு நாள்), பிரீமியம், ஆண்டு வருமானம் என ஓர் அட்டவணை. நூற்றுக்கணக்கான ஆப்ஷன் செயின்களை (ஒரு பங்கின் ஆப்ஷன் விலைப்பட்டியல்) திறந்து பார்க்கும் வேலை மிச்சம்; அந்த வகையில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. கோளாறு, அட்டவணை எந்த வரிசையில் விரிகிறது என்பதில்.

வழக்கமான வரிசை ஆண்டு வருமானம்தான், அதிகமானது மேலே. 100-ல் விற்கும் ஒரு பங்கு, 30 நாள் எக்ஸ்பைரி, ஐ.வி. (ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும், சந்தை எதிர்பார்க்கும் ஆண்டு ஏற்ற இறக்கம்) 80% என்று வைத்துக்கொள்வோம். 100 ஸ்ட்ரைக் கால் சுமார் 9-க்குப் போகும். ஸ்கிரீனர் அதை 365 நாளுக்கு நீட்டி, 109% என்று பச்சை எழுத்தில் போடும். அதே ஐ.வி.க்கு, 30 நாளில் 23 புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பங்குக்குச் சாதாரணம் என்றும் பொருள் உண்டு. அதற்குத் தனிப் பத்தி கிடையாது. பங்கு 70-க்கு விழுந்தால், 9 கழித்து நஷ்டம் 21. 130-க்குப் போனாலும் கைக்கு வருவது அதே 9. ஆக, பட்டியலின் உச்சியில் நிற்பவை பெரும்பாலும் ஆட்டம் அதிகமுள்ள பங்குகளே.

ஆகவே முதலில் வரிசையை மாற்றுங்கள். டெல்டா (பங்கு ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்ற அளவு) 0.20 முதல் 0.30 வரை, நாள் 30 முதல் 45 வரை. நம் பங்கில் இது 120 ஸ்ட்ரைக்கில் கொண்டுபோய் நிறுத்தும். பிரீமியம் சுமார் 3. சின்னத் தொகைதான், ஆனால் ஏற்றத்தில் 20 புள்ளி நம்மிடமே இருக்கும். காலாண்டு முடிவு எக்ஸ்பைரிக்கு முன் வருகிறதா என்று காட்டும் வடிகட்டி இருந்தால் கட்டாயம் போடுங்கள். ஐ.வி. உப்பியிருப்பதற்குப் பல நேரம் அந்தத் தேதிதான் காரணம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள்: 2.60-க்கும் 3.40-க்கும் நடுவே 3 என்று ஸ்கிரீனர் காட்டும், சந்தை ஆர்டர் போட்டால் கிடைப்பது 2.60. லிமிட் ஆர்டர் (நாம் சொன்ன விலைக்குக் குறையாமல் விற்பது) தவிர வேறு வேண்டாம்.

பெரும்பாலான ஸ்கிரீனர்கள் கோட்டைவிடுவது கீழ்ப்பக்கத்தை. 120 காலை 3-க்கு விற்று, அதே எக்ஸ்பைரியில் 85 புட்டை (85-க்குப் பங்கை விற்கும் உரிமை) ஏறக்குறைய அதே 3-க்கு வாங்கினால் அது காலர். நஷ்டம் 15-ல் நிற்கும், லாபம் 20 வரை போகலாம், கைச்செலவு கிட்டத்தட்ட இல்லை. (சந்தையில் புட் கொஞ்சம் விலை கூடவே இருக்கும், 85-க்குப் பதில் 83 கிடைக்கலாம்.) பிரீமியம் வருமானம் பூஜ்யம் என்பதால் வருமான வரிசையில் இது அடியில் கிடக்கும். ஐ.வி. 80% உள்ள பங்கை விற்க மனமில்லாதவருக்குத் தேவை இதுதான். கால், புட் இரண்டையும் ஒரே வரியில் காட்டும் கருவி கிடைத்தால் அதற்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

ரோல் (பழைய காலை முடித்துப் புதிதாக ஒன்றை விற்பது) பரிந்துரையில் இன்னும் கவனம் வேண்டும். பங்கு 70-க்கு வந்ததும் 80 ஸ்ட்ரைக்கை விற்கச் சொல்லும், பிரீமியம் மறுபடி 3. பங்கு துள்ளி 100-க்கே திரும்பினால்? 80-க்குப் பங்கு போய்விடும். இரண்டு பிரீமியத்தையும் சேர்த்து 86, அடக்கவிலை 100. பங்கு பழைய விலைக்கு வந்தும் 14 நஷ்டம். இறங்கிய பங்கில் அடக்கவிலைக்குக் கீழே ஸ்ட்ரைக் வைப்பதானால், அந்த விலைக்குப் பங்கைக் கொடுக்கச் சம்மதமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டாப் லாஸ் (விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்பது) வசதியைப் பெருமையாகச் சொல்லும் கருவிகளும் உண்டு. பங்கு மட்டும் ஸ்டாப்பில் விற்றுப்போய் கால் அப்படியே நின்றால், அது பங்கின் பாதுகாப்பு இல்லாத வெறும் கால். நஷ்டத்துக்கு வரம்பே இல்லை. காலைத் திருப்பி வாங்கிய பிறகுதான் பங்கை விற்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே ஆர்டரில் மூட வேண்டும். இதைச் செய்யாத கருவியில் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

பிரீமியம் 80% கரைந்ததும் திருப்பி வாங்கச் சொல்லும் எச்சரிக்கை, டிவிடெண்ட் தேதிக்கு முன் நேர மதிப்பு (பிரீமியத்தில் உடனடி லாபத்துக்கு மேல் உள்ள பகுதி) டிவிடெண்டைவிடக் குறைந்து, பங்கை முன்கூட்டியே கொடுக்க நேரலாம் என்றால் வரும் எச்சரிக்கை — இவை இரண்டும் இருந்தால் சந்தா கட்டலாம். இல்லையென்றால் புரோக்கர் தரும் இலவச ஆப்ஷன் செயினே போதும்.