மெஷினை நிறுத்துவது ஐசியுவிலா, வீட்டிலா?

மலேசியாவின் ஈப்போ ஆஸ்பத்திரி ஐசியுவில் வென்டிலேட்டரில், அதாவது மூச்சு விடவைக்கும் மெஷினில், கிடக்கும் பெரியவர் இனித் தேற மாட்டார் என்று டாக்டர் சொன்னதும், சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் குடும்பங்களில் எழும் முதல் பேச்சு: "வீட்டுக்குக் கொண்டு போயிரலாமா?" இன்னொரு பக்கம், "மெஷின எடுத்தா நாமளே கொன்ன மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. பயன் தராத சிகிச்சையை நிறுத்துவதும் அதைத் தொடங்காமலே விடுவதும் மருத்துவ நெறியில் ஒன்றுதான். உயிரை எடுப்பது நோய். சாகடிக்கவே ஊசி போடுவது வேறு, மலேசியாவில் அது குற்றம். இப்படிச் சிகிச்சையை நிறுத்த அனுமதித்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றும் 2018 இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இங்கே சட்டமில்லை. மூளைச்சாவு உறுதியாகிவிட்டால் தேர்வு செய்யவே எதுவுமில்லை, அதுவே இறப்பு.

தேறுவாரா என்பதில் சந்தேகம் இருந்தால் கெடு வைத்துப் பார்க்கலாம். 48 முதல் 72 மணி நேரம் முழுச் சிகிச்சை. பிரஷர் விழாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் அளவு குறைகிறதா, சிறுநீர் இறங்குகிறதா, கண் திறக்கிறாரா என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. கெடு முடிந்ததும் "இன்னும் ரெண்டு நாள்" என்று நீட்டுவதில்தான் இது கெடுகிறது. இருப்பதைத் தொடர்ந்து, புதிதாக டயாலிசிஸோ, இதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவதோ வேண்டாம் என்பது நடுவழி. அண்ணன் தம்பிகள் ஒத்துவராதபோது சண்டையைத் தணிக்கும், ஆனால் மூச்சு டியூபோடு கிடக்கும் நாள்களைக் கூட்டும்.

ஐசியுவில் நிறுத்தினால் எது முன்னே, எது பின்னே என்று ஒரு வரிசை இருக்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அதன் வீரியம் முழுக்க இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுத் திணறுவது வெளியே தெரியாது. ட்யூப் வழி உணவை முன்பே நிறுத்துவார்கள். அலாரத்தை அணைத்து, வலியையும் பதற்றத்தையும் தணிக்கும் மார்பின், மிடாசொலம் போட்டு அமைதியான பிறகுதான் பிரஷர் மருந்தும் ஆக்சிஜனும் குறையும், கடைசியில் மூச்சு டியூபை எடுப்பார்கள். வலிக்கேற்ப மருந்தை உடனே கூட்ட நர்ஸ் அருகிலேயே இருப்பது இதன் பெரிய பலம். குறை: கூட்டம் கூட முடியாது, தேவாரம் பாட இடமிருக்காது. திரை மறைத்த கட்டிலோ தனி அறையோ கேளுங்கள், பெரும்பாலும் முயற்சி செய்வார்கள்.

வீடு என்றால் கணக்கு மாறும். 680 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 68 நிமிடம். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் டவுனுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றி இறக்கி, எஸ்டேட் ரோட்டில் ஊர்ந்து போவதற்குள் முள் சிவப்புக்கு வந்துவிடும். இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். டியூபை யார் எடுப்பார்கள், எடுத்தபின் மார்பின் யார் கொடுப்பார்கள் என்பதும் கிளம்பும் முன்பே முடிவாக வேண்டும். அவசரத்தில் ஏஓஆர் (சொந்தப் பொறுப்பில் வெளியேறும்) பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கிளம்புபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: மருந்துமில்லை, ஆஸ்பத்திரிக் கடிதமுமில்லை. நிமிடங்களில் போவார் என்று எதிர்பார்த்தவர் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடப்பதும் உண்டு.

வாயைத் திறந்து விட்டு விட்டு இழுக்கும் கடைசி மூச்சைப் பார்த்துப் பயந்து திரும்ப ஆம்புலன்ஸ் கூப்பிட்டால், மறுபடி டியூப் போடுகிற நிலைமை வரும். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாலோ துளசித் தண்ணீரோ வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டால் போதும், சடங்கும் நிறைவேறும்.

வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) குழுவும் தோலடி ஊசி மருந்தும் உறுதியானால் வீட்டையே சொல்வோம். அந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஐசியுவிலேயே முடிப்பது நல்லது. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து சடங்கு செய்யத் தடையில்லை.

பேப்பர் வேலையும் வேறுபடும். ஆஸ்பத்திரியில் இறந்தால் புதைக்க, எரிக்க வேண்டிய பெர்மிட் அங்கேயே கிடைக்கும். வீட்டில் இறந்தால் போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டும். இறந்தவரின் ஐசியோடு (அடையாள அட்டை) ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் எடுத்துப் போனால் கேள்விகள் குறையும். தீபகற்ப மலேசியாவில் இறப்பை 7 நாளுக்குள் பதிய வேண்டும்.