அப்பா தள்ளிய நடைவண்டி, மகளுக்கு ஆண்டு நிறைவுப் பரிசாக: எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்

பரணில் கிடக்கும் பழைய நடைவண்டியை இறக்கித் துடைத்து, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்துக் குழந்தையிடம் கொடுத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். துடைப்பது சரி, அந்த ஒரு கோட் பெயிண்ட் கூடவே கூடாது. மற்றபடி முதல் பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கடையில் இல்லை. 9, 10 மாதத்தில் எதையாவது பிடித்து எழுந்து நிற்கிற குழந்தை பெரும்பாலும் 12 முதல் 15 மாதத்துக்குள் தனியே நடக்கும். நடைவண்டிக்கு வேலை சரியாக அந்த இடைவெளியில்தான். உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் வாக்கரை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்காமல் கால் நுனியால் உந்திக்கொண்டு போகும். படிக்கட்டில் உருண்ட விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

ஆசாரி கையால் செய்த பழைய வண்டியின் பெருமை அதன் மரத்திலும் பொருத்திலும் இருக்கிறது. தேக்கு, வேம்பு, பூவரசு என்று நன்றாக ஆறிய மரத்தில் துளையிட்டு முளை இறக்கிச் செய்த சட்டம் இரண்டு தலைமுறை தாங்கும். கெட்டுப்போவது சக்கரமும் அச்சும்தான். முதலில் உளு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை வெள்ளைத் துணிமேல் வைத்து நாலு தட்டுத் தட்டி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். மாவுபோல் புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ பூசாதீர்கள், வாயில் வைக்கிற பொருள் இது. அந்தக் கட்டையை மட்டும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமலில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பூச்சு அதை மூடாது. குழந்தை கைப்பிடியைக் கடிக்கும்போது இரண்டு அடுக்கும் சேர்ந்து உரியும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடெல்லாம் பறக்கும், சூடுகாட்டி உரித்தால் புகையாக மூக்கில் ஏறும். தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் வெளியில் வைத்துத் தேய்ப்பதே வழி: 80 எண்ணில் தொடங்கி 120, பிறகு 220. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வரக்கூடாது. வழிகிற சேற்றைப் பழைய செய்தித்தாளில் வாரிக் கட்டிவிடுங்கள், செடிக்கு ஊற்ற வேண்டாம். கைப்பிடியை மட்டும் சுரண்டிக்கொண்டிருக்காமல் புதிதாகவே மாற்றிவிடுவது நல்லது. 2 முதல் 2.5 செ.மீ. பருமனில் கடைந்த உருளை, தரையிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. உயரம். ஒரு வயதுக் குழந்தைக்கு அது நெஞ்சளவில் நிற்கும்.

மேற்பூச்சுக்கு, அவலரக்கை (செதிலாகக் கிடைக்கும் அரக்கு) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்ச் பாலிஷ் போதும். மூன்று மெல்லிய பூச்சு, நடுவில் நன்றாகக் காயவிட்டு. வண்டியின் அடிப்பக்கத்தில் இதைத் தள்ளி நடந்தவர்களின் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதுவதென்றால் பாலிஷுக்கு முன்பே பென்சிலால் எழுதிவிடுங்கள், அழியாது.

சக்கரத் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி பி.வி.சி. குழாய்த் துண்டை இறுக்கமாகச் செருகினால் ஆட்டம் நிற்கும். அச்சுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பசையாகும். மெழுகுவத்தியைத் தேய்த்தாலே போதும். கடையாணி விழுந்த இடத்தில் யாரோ அடித்த இரும்பாணி பல வண்டிகளில் நீட்டிக்கொண்டிருக்கும். பிடுங்கிவிட்டு மரமுளை போடுங்கள். கைப்பிடியில் மணி கோத்திருந்தால், 4.5 செ.மீ.க்குச் சிறியவை எல்லாம் தொண்டையில் சிக்கும் அளவு. கழற்றிவிட வேண்டும்.

இந்த வண்டி மண் தரைக்கும் சொரசொரப்பான சிமெண்டுத் தரைக்கும் செய்தது. டைல்ஸில் விட்டால் குழந்தையை விட்டுவிட்டு முன்னே ஓடும். பழைய ஸ்கூட்டர் டியூபைக் குறுக்கே 2 செ.மீ. அகல வளையங்களாக வெட்டி, மூன்று சக்கரத்திலும் இழுத்து மாட்டுங்கள். 10 செ.மீ. சக்கரத்தில் பசை இல்லாமலே இறுகி நிற்கும், சத்தமும் குறையும். பிறகு கைப்பிடியைக் கீழும் பின்னும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் எழும்பினால் கைப்பிடி பின் அச்சைத் தாண்டிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பிடித்து எழும் குழந்தைமேல் வண்டி கவிழும். முன்பக்கச் சட்டத்தில் 1 முதல் 1.5 கிலோ மணல்பையை இறுகக் கட்டினால் சரியாகும்.

வீட்டில் பழையது இல்லையென்றால்? அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் வேலைக்காரர்கள் செய்வது நன்று. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், மத்திய அரசிடம் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. முத்திரை இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம், என்ன சாயம் என்று மட்டும் கேளுங்கள். பெட்டிக்கட்டையில் ஆணியடித்து எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) சக்கரம் மாட்டிய மலிவு வண்டிகளைத் தவிர்க்கலாம். ஈரத் தரையில் சக்கரம் ஊதிவிடும், அடுத்த பிள்ளைவரைகூட வராது.

குழந்தை நன்றாக நடக்கத் தொடங்கியதும் பரணேற்றுவதற்கு முன் ரப்பர் வளையங்களைக் கழற்றிவிடுங்கள், பாலிஷில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் சுற்றினால் ஈரம் தங்கும். பருத்தித் துணியில் சுற்றிச் சுவரைத் தொடாமல் வையுங்கள்.