புதுக்கோட்டை – குடுமியான்மலை – கொடும்பாளூர்: சைக்கிள் பாதை மதிப்பீடு

தமிழ்நாட்டில் ரோடு பைக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் போகிறார்கள். ஒன்று ஈசிஆர், இல்லையென்றால் ஏற்காடு, கொல்லிமலை. தட்டையாகவும் இல்லாமல் மலையாகவும் இல்லாமல், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிற சாலைகள் புதுக்கோட்டைக்கு மேற்கே கிடக்கின்றன. செம்மண், தைலமரத் தோப்பு, கண்மாய்க்கரை, நடுநடுவே யானை படுத்தமாதிரி கருங்கல் குன்று. ஏறக்குறைய ஒவ்வொரு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒன்று நிற்கிறது.

பாதை இதுதான்: புதுக்கோட்டையிலிருந்து நேரே குடுமியான்மலை (சுமார் 20 கி.மீ.), அங்கிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர். திரும்பும்போது குடுமியான்மலையை விட்டுவிட்டு இலுப்பூர், அன்னவாசல், சித்தன்னவாசல், புதுக்கோட்டை. மொத்தம் நூறைத் தொடும். பலரும் சித்தன்னவாசலில் தொடங்குகிறார்கள், அது தப்பு. விடியலில் போய்ச் சேர்ந்தால் ஓவியம் இருக்கும் குடைவரை (பாறையைக் குடைந்த அறிவர் கோயில்) பூட்டிக் கிடக்கும். தொல்லியல் துறை திறக்க ஒன்பது மணிக்கு மேல் ஆகலாம். குடுமியான்மலைக் கோயில் காலையிலேயே திறக்கும். அதனால் குடுமியான்மலை முதலில், சித்தன்னவாசல் கடைசியில்.

முதல் 20 கிலோமீட்டர் உடம்பைச் சூடேற்றச் சரியான சாலை. ஏற்றங்கள் நீளமானவை அல்ல, மூச்சு வாங்கத் தொடங்கும்போதே முடிந்துவிடும். முன்னால் பெடலோடு சுற்றும் கிராங்கில் 50/34 பல், பின்சக்கரத்து கியர் அடுக்கான கேசட்டில் 11-28 பல் தாராளம். கியரில்லாத பழைய சைக்கிளில் இதே மேட்டை ஊர்க்காரர்கள் பால்கேனோடு ஏறுகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம். குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலை ஒட்டிய மேலைக்கோயில் குடைவரைப் பக்கம் போய்ப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பாருங்கள். கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாகச் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். முடிவில் மட்டும் தமிழில் ஒரு வரி, 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய'. வழி அடைத்திருந்தால் கோயிலில் கேட்க வேண்டும். லைக்ரா டவுசரோடு உள்ளே போகக் கூச்சமாக இருக்கும். சட்டைப் பையில் மடித்த மெல்லிய வேட்டி ஒன்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

அன்னவாசல் – இலுப்பூர் துண்டுதான் பாதையின் பலவீனம். பேருந்துகள் விரட்டுகின்றன. ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் திருப்பங்களில் சில்லு கொட்டிவிட்டுப் போகின்றன. திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள், திரும்பும்போது தொடாதீர்கள். ஊர் எல்லைகளில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள் உண்டு. இறக்கத்தில் வந்து மரநிழலில் அதைக் கவனிக்காமல் ஏறினால் பின்சக்கர டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். தை, மாசியில் இன்னொரு தொல்லை: உளுந்து, கொள்ளு, வைக்கோலைச் சாலையிலேயே பரப்பிப் போரடிக்க விட்டிருப்பார்கள். அதன்மேல் ஓட்டினால் வைக்கோல் தாள், பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் டீரெய்லரின் சின்னப் பல்சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். அப்படியே மிதித்தால் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் இல்லை. அது அவர்களுடைய களம்.

இந்தப் பாதையில் பயணத்தைக் கெடுப்பது வெயிலுக்கு அடுத்தபடியாக முள். சீமைக்கருவேலம் சாலையின் இரு ஓரமும் நிற்கிறது, விறகுக்கு வெட்டி இழுத்துப் போகும்போது கிளைகள் ஒடிந்து தாரில் விழுகின்றன. முள் டயரில் நேராக ஏறி, நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். புது டியூப் மாட்டினால் பத்து நிமிஷத்தில் அதுவும் போகும். 'டியூப் சரியில்லை' என்று கடையைத் திட்டுகிறவர்கள் பலர், குற்றவாளி அந்த ஒடிந்த நுனி. பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்வை அடையாளமாக வைத்து டயரில் அதே இடத்தை உட்புறமாகத் துணியால் துடையுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும்.

25 மி.மீ. டயரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள 28 அல்லது 30, எழுபது கிலோ ஆளுக்குப் பின்னால் 75, முன்னால் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால் சக்கரத்துக்கு 50 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம். நம் வெயிலில் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும், கிளம்பும் முன் சக்கரத்தைக் குலுக்கி உள்ளே தளும்புகிறதா என்று கேளுங்கள். இரண்டு டியூப், ஒட்டுப் பொட்டலம், கைப்பம்பு கட்டாயம். வழியில் சைக்கிள் கடைகள் உண்டு, ஒட்டுப் போடுவதில் கைதேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் ரோடு பைக்குக்கான 700 அளவு டியூப் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அவர்கள் பம்பு ரோடு பைக் டியூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் ஏறாது. பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

கொடும்பாளூர் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையை ஒட்டியிருக்கிறது. உறையூரிலிருந்து மதுரைக்குப் போன பழைய பெருவழியும் இந்தப் பக்கம்தான். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டில் கட்டிய மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். இடம் அமைதியானது, புல்தரை உண்டு, சைக்கிளைக் கண்ணெதிரே வைத்துவிட்டுச் சுற்றலாம். விராலிமலை பக்கம்தானே, முருகனையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். லாரிகளோடு நெடுஞ்சாலையில் போய் வரும் அந்தத் தூரம் பயணத்தின் சுவையையே கெடுக்கும். சுருட்டு படைக்கும் முருகனையும் மயில்களையும் இன்னொரு நாள் பேருந்தில் போய்ப் பாருங்கள்.

திரும்பும் வழி ஆடி மாதத்தில் சுகம். மேல்காற்று முதுகில் தள்ளும். அதற்கான கூலியைப் போகும்போதே கொடுத்திருப்பீர்கள். மற்றபடி மார்கழி முதல் மாசி வரைதான் சரியான காலம். பங்குனிக்குமேல் பதினொரு மணிக்கு இந்தப் பாறைகள் கனலும். 750 மில்லி பாட்டில் இரண்டு, ஒன்றில் உப்பும் சர்க்கரையும். இலுப்பூரில் இரண்டையும் மறுபடி நிரப்பாமல் நகராதீர்கள்.

சித்தன்னவாசலில் அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக்குளம் 9ஆம் நூற்றாண்டு வேலை. மங்கியிருக்கிறது, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமை வேண்டும். சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்கு வேறு வழியாகக் குன்றேற வேண்டும். பெடலில் மாட்டும் கொக்கி அடியில் உள்ள கிளீட் ஷூவோடு பாறையில் கால் வைத்தால் சறுக்கும், வெறுங்காலோடு போனால் சுடும். ரப்பர் செருப்பை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு வருவது அழகில்லைதான், ஆனால் வேறு வழி கிடையாது.

நார்த்தாமலையை இதே நாளில் சேர்க்காதீர்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் 17 கி.மீ., போய்வர ஒரு காலை போதும். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலமலையில் ஏறினால் வட்டக் கருவறையுள்ள விஜயாலய சோழீச்சரம், எதிரே குடைவரையில் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நாள்களில் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம், சாலை முழுக்கப் பால்குடமும் காவடியும்தான்.