கொரோனாவுக்குப் பின் டயாலிசிஸ்: தஞ்சாவூரில் ஒரு சிறிய மையம்

மொத்தம் பத்துப் படுக்கைகள் கொண்ட தனியார் மையம். வாசலில் கார் நிறுத்த இடமில்லை. உள்ளே ஏ.சி. நடுங்க வைக்கிறது. ஆனாலும் கொரோனாவால் சிறுநீரகம் பழுதான ஒருவரைச் சேர்க்க இடம் தேடுகிறீர்கள் என்றால், இதைத்தான் முதலில் சொல்வேன். பெயர் போட்டால் விளம்பரம் என்பார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் வென்டிலேட்டர் வரை போனார். மூச்சுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம், நின்றது சிறுநீர். ஆக்சிஜன் குறைவு, விழுந்துவிட்ட இரத்த அழுத்தம், உடலெங்கும் அழற்சி, நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறையும் இரத்தம் எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று மருத்துவர் விளக்கினார். இது அபூர்வமும் அல்ல. 2020இல் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் சேர்ந்த 5,449 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் சிறுநீரகம் திடீரென்று பழுதாகியிருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்!

உயிர் பிழைத்து வந்தவருக்குக் கழுத்தில் லைன் (இரத்தத்தை இயந்திரத்துக்கு எடுத்துப்போகும் தற்காலிகக் குழாய்), வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. முதலில் போனது பெரிய கட்டடம் கொண்ட வேறொரு மையம். எடை பார்ப்பார்கள், உடலில் தேங்கிய நீரில் மூன்று லிட்டரை இழுப்பார்கள், நான்கு மணி நேரம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். பாதியிலேயே பி.பி. 90க்குக் கீழே இறங்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். "எல்லாருக்கும் வருவதுதான் சார்" என்பார்கள். வந்த இரண்டாம் வாரமே கையில் பிஸ்டுலா (நீண்ட நாள் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவை) வைக்கத் தேதி குறிக்கச் சொன்னார்கள். சிறுநீர் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தச் சிறிய மையத்தில் டெக்னீஷியன் பையன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "அம்மா, நேற்று எவ்வளவு வந்தது?" அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு முழு நாள் சிறுநீரை அளந்து எழுதி வரச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் சர்க்கரையாலோ இரத்தக் கொதிப்பாலோ கெட்டுப்போன சிறுநீரகம் வேறு, கொரோனாவில் அடிவாங்கிய சிறுநீரகம் வேறு. பின்னதில் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் உள்ள செல்கள் மறுபடி வளர வாய்ப்பிருக்கிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு தடவையும் பி.பி.யைக் கீழே தள்ளினால் ஆறுகிற புண்ணைக் கீறுவது போலத்தான். ஆகவே இங்கே நீரைக் கொஞ்சமாகவே எடுத்தார்கள். வாரந்தோறும் டயாலிசிஸுக்கு முன்பாக இரத்தப் பரிசோதனை. சிறுநீர் ஒரு லிட்டரைத் தாண்டியதும் மருத்துவர் மூன்றை இரண்டாக்கினார், பிறகு நிறுத்திப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு மேலும் டயாலிசிஸ் தேவைப்பட்டால்தான் நிரந்தரப் பழுது என்று எடுத்துக்கொள்வார்களாம். அதற்கு முன்பே லைனைக் கழற்றியாயிற்று. கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சுணங்குகிறது என்று பொருள்) 1.6இல் நிற்கிறது. பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலி மாத்திரை கூடாது, சர்க்கரையும் பி.பி.யும் கட்டுக்குள் இருக்க வேண்டும், பரிசோதனை தொடர வேண்டும்.

நான் வேதியியல் வாத்தியார். ஓய்வு பெற்றும் குணம் போகவில்லை. தண்ணீர் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். முகம் சுளிக்காமல் கூட்டிப்போனார்கள். அங்கே சுத்திகரித்த தண்ணீரில்தான் டயாலிசிஸ் திரவம் கலக்கிறார்கள். இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் ஆகிறது. மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் இரத்தம். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்ல இருக்கும் குளோரின் சேர்மமான குளோரமின் தப்பி உள்ளே வந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். ஷிப்டு தொடங்கும் முன் குளோரின் பார்த்து, நோட்டில் அளவு எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஞாயிறு தவிர விடுபட்ட நாள் கண்ணில் படவில்லை. என் பள்ளி ஆய்வகப் பதிவேடு ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

குறைகளும் உண்டு. போர்வை நாம்தான் கொண்டுபோக வேண்டும். தொலைக்காட்சியில் காலை முதல் மாலை வரை சீரியல் அழுகை. ஒலியைக் குறைக்கச் சொன்னால் அடுத்த படுக்கைக்காரர் கோபித்துக்கொள்கிறார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த மையம் இல்லை, கைக்காசுதான். அட்டை வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துவிட்டு வருவது நல்லது.

சிறுநீரக மருத்துவர் செவ்வாய், வெள்ளி காலையில் மட்டும் வருகிறார். சேர்க்கப் போகிறவர்கள் அந்த நாளில் போங்கள். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு, கொரோனாவுக்கு முந்தைய பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்துப்போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.