டிஃப்பனி பாணி மேசை விளக்கு: குன்னூர் ஈரத்துக்குத் தாங்குமா?

குன்னூர், கோத்தகிரி தங்கும் விடுதிகளின் வரவேற்பறையில் தும்பிப் படத்தோடு நிற்கும் அதே வண்ணக்கண்ணாடி விளக்குதான். 16 அங்குல ஷேடு, துத்தநாகக் கலவை அடிப்பாகம், இரண்டு பல்பு. கண்ணாடி அருமை, ஈயப் பற்று சுமார்.

கண்ணாடியில் குறை இல்லை. பால் கலந்தாற்போன்ற இந்த வகைக்கு அமெரிக்காவில் 1880-இல் ஜான் லா ஃபார்ஜ் காப்புரிமை பெற்றார். இந்த விளக்குப் பாணிக்குப் பெயர் தந்த லூயிஸ் கம்ஃபர்ட் டிஃப்பனி அடுத்த ஆண்டு பெற்றார். நிறம் மேல்பூச்சு அல்ல, கண்ணாடிக்குள்ளேயே ஓடுகிறது. பல்பின் உருவம் தெரியாமல் வெளிச்சம் மட்டும் பரவும். பிளாஸ்டிக் போலி என்று சந்தேகமா? நகத்தால் தட்டுங்கள். கண்ணாடி கிணுங்கும், பிளாஸ்டிக் மொத்தென்று கேட்கும்.

கவனிக்க வேண்டியது உள்பக்கம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய செம்பு நாடா சுற்றி, பற்று பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் சேர்த்திருப்பார்கள். பற்று இரு பக்கமும் உருண்டு திரண்டிருக்க வேண்டும். இதில் வெளியே பளபளப்பு. கவிழ்த்துப் பார்த்தால் கீழ் இரண்டு வரிசையில் செம்பு பல்லிளிக்கிறது. காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். கலகலத்தால் நாடா ஒட்டாத துண்டு இருக்கிறது, வாங்க வேண்டாம்.

மலையில் இதற்கு எமன் ஈரம். ஃப்ளக்ஸில் உள்ள துத்தநாகக் குளோரைடு ஈரத்தை இழுக்கும். அதைச் சரியாகக் கழுவாமல் பற்றுக்குக் கறுப்பு நிறம் ஏற்றி அனுப்பிய ஷேடில், மழைக்காலம் முடிவதற்குள் பற்றின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அதில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள். கையுறை போட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசுங்கள். இடுக்குகள் முழுக்கக் காய்ந்த பின்னரே கார் மெழுகு. ஈரத்தோடு மெழுகு போட்டால் பொடி அடியிலேயே வளரும்.

ஹோல்டர் திருகு வகை. நம் மளிகைக்கடையில் கிடைக்கும் இரண்டு காது பல்பு சேராது. 2700 கெல்வின், 5 வாட் எல்.இ.டி. இரண்டு போதும். வெள்ளை வெளிச்சம் போட்டால் தும்பியின் சிறகு செத்துப்போகும்.

டிஃப்பனி பெயரைச் சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். ஃப்ளோரிடாவின் விண்டர் பார்க்கில் உள்ள மோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பவை போன்றவைதான் அவருடைய பட்டறை வேலை; அங்கே அவர் பட்டறையின் கிளாரா டிரிஸ்கால் வடிவமைத்த விஸ்டீரியா விளக்கு ஒன்றுக்கே ஏறக்குறைய 2,000 துண்டுகள். இதில் அதில் கால்வாசி இருந்தால் அதிகம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றுவதானால் ஷேடைத் தனியாகக் கழற்றி, விளிம்பு கீழே வரும்படி மெத்தையில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் பர்லியார் தாண்டுவதற்குள் விளிம்பு நெளிந்துவிடும்.