மழைமானியா, ஜாடி மேகமா, பலூன் காற்றழுத்தமானியா?

ஐப்பசி வந்துவிட்டால் செய்தியில் தினமும் "நுங்கம்பாக்கத்தில் 7 செ.மீ. மழை" என்று ஓடும். "மழையை எப்படிம்மா ஸ்கேல் வச்சு அளப்பாங்க?" என்று மகள் கேட்டாள். பிள்ளைகளோடு செய்ய எது நல்லது என்று பார்க்க, அந்த வாரமே மழைமானி, ஜாடி மேகம், பலூன் காற்றழுத்தமானி மூன்றையும் வீட்டில் செய்து பார்த்தோம்.

பார்க்க அழகு ஜாடி மேகம்தான். கண்ணாடி ஜாடியில் இரண்டு விரற்கடை சுடுநீர், வாயின் மேல் ஐஸ் கட்டி வைத்த தட்டு. சும்மா வைத்தால் லேசாக ஆவி தெரியும், அவ்வளவுதான். கொஞ்சம் ஊதுபத்திப் புகையை விட்டு உடனே மூடினால் வெள்ளைவெளேரென்று சுருண்டு சுழலும். நீராவி துளியாகத் திரள, ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். வானத்தில் கடல் உப்பும் மண்தூசியும் அந்த வேலையைச் செய்கின்றன. புகை இல்லாமல் ஒருமுறை, புகையோடு ஒருமுறை செய்து காட்டினால்தான் இது பிள்ளைக்குப் புரியும். சுடுநீரைப் பெரியவர்கள்தான் ஊற்ற வேண்டும்.

ஜாடி வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே ஸ்ட்ராவை முள்ளாக ஒட்டும் காற்றழுத்தமானியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முள் நன்றாகவே நகரும். ஆனால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானாலே 3 மில்லிபாருக்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் அழுத்தம் மாறியதுபோல் காட்டும். சென்னையில் சாதாரண நாளில் அழுத்தம் ஏறி இறங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். முள் காட்டுவது வெயிலை. பிள்ளை அதைக் காற்றழுத்தம் என்று எழுதிவைக்கும்.

என் ஓட்டு மழைமானிக்கு. இரண்டு லிட்டர் பாட்டிலின் தலைப்பகுதியை வெட்டி, புனல்போலக் கவிழ்த்துச் செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றினால் அதுதான் பூஜ்யக் கோடு. அங்கிருந்து ஸ்கேலை ஒட்டுங்கள். மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரையும் தண்ணீர் டேங்கையும் விட்டுத் தள்ளி, செங்கல்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். எங்களுடையது முதல் நாள் காற்றிலேயே உருண்டுவிட்டது.

ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 7 செ.மீ. என்றால் 70 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்து குடம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, இந்தப் பாட்டில் நாலு தடவையாவது நிரம்பியிருக்கும் என்றதும் மகள் வாயடைத்துப் போனாள்.

வானிலை ஆய்வு மையம் காலை 8.30-க்குக் கணக்கெடுக்கிறது. எங்களுக்கு எட்டு மணிக்கே பள்ளி வேன் வந்துவிடும் என்பதால் ஏழரைக்கே பார்க்கிறோம். தினமும் அதே நேரம், நோட்டில் ஒரு வரி.