பி.ஓ.வின் பின்பக்கத்தைப் படிக்காமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள்

திருப்பூர் தையல் யூனிட்டுகளுக்கு வரும் பி.ஓ.க்களில் (பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது கொள்முதல் ஆணை) ஒரு வகை உண்டு. முன்பக்கத்தில் 'பேமெண்ட் 45 நாள்' என்று இருக்கும். அந்த நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில்: 'வெளிநாட்டு பையர் சரக்கை ஏற்ற பிறகு'. இதில் கையெழுத்துப் போட்ட ஒரு யூனிட்டுக்கு ஐந்து மாதம் கழித்துப் பணம் வரவில்லை, தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் டெபிட் நோட்தான் வந்தது. தாமதத்துக்காக ஏர் ஃபிரைட் (விமானத்தில் அனுப்பும் செலவு) முழுவதும் அந்த யூனிட்டின் தலையில். ஆர்டர் கொடுத்தவர் தர வேண்டிய துணியே பதினொரு நாள் பிந்தித்தான் வந்தது. ஆனால் அதை வாங்கிய டி.சி.யில் (டெலிவரி சலான்) தேதி எழுதாமல் விட்டிருந்தார்கள். அந்த ஒரு தேதி இல்லாததால்தான் வாதாட முடியவில்லை.

சட்டம் இதில் குறு, சிறு யூனிட்டுகள் பக்கம் இருக்கிறது. எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) மேம்பாட்டுச் சட்டம் 2006, பிரிவு 15-இன்படி, எழுதிக்கொண்ட கெடு எதுவானாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் கெடுவே இல்லையென்றால் 15 நாள்தான். டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளே ஏற்ற நாள். இங்கே 'ஏற்பது' உங்களிடம் வாங்குபவர், கடல் கடந்த பையர் அல்ல. கெடு தாண்டினால் பிரிவு 16-இன்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பி.ஓ.வில் 'வட்டி கிடையாது' என்று எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது.

இந்தத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஆர்டர் எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குச் செல்லுமா என்பதில் இன்னும் வழக்குகள் ஓடுகின்றன.

'குறைபாடு பற்றி வாங்குபவர் முடிவே இறுதி' என்ற வரியை அடித்துவிட்டு, 'இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறைபாட்டு வரம்பு) அளவுப்படி, எங்கள் யூனிட்டிலேயே, சரக்கு கிளம்பும் முன் சோதனை' என்று எழுதி வாங்குங்கள். தாமத அபராதத்துக்கு உச்சவரம்பும் வேண்டும். துணி, லேபிள், பட்டன், அட்டைப்பெட்டி ஆகியவற்றில் எது பிந்தினாலும் டெலிவரி தேதி அத்தனை நாள் தள்ளிப்போகும் என்ற வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

டெபிட் நோட் வந்த அன்றே மறுப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே வாதிடுவார்கள். அபராதத் தொகை எழுதியிருப்பதாலேயே முழுவதும் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74 நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. இந்தப் பண வழக்குகளைத் தீர்க்கும் அரசு அமைப்பான ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு மனு போடும்போது பி.ஓ., தேதி போட்ட டி.சி., இன்வாய்ஸ், மறுப்பு மின்னஞ்சல் நான்கும் சேர்ந்திருக்கட்டும்.